வைச்சிருக்கச் சொன்ன சைக்கிள்

தாழ்வுபாட்டிலிருந்து சௌத்பாருக்கு நடக்க முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அதுவே ஒரு மணித்தியாலமாகும். காற்று கடற்பக்கத்திலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து கன்னத்தில் அடிக்கும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் போகவேண்டும். மாக்கிறட் அந்த வழியைப் பல வருசமாக நடந்துகொண்டிருந்தாள். சௌத்பாரில் கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு விடுதியில் அவளுக்குத் துப்புரவு வேலை. பதினொரு அறைகள். கட்டில் விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, மணல் கூட்டுவது. அதில் மணல்தான் பெரிய வேலை. எட்டு மணிக்குக் கூட்டித் தள்ளினால் பத்து மணிக்குத் திரும்ப வந்து கிடக்கும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்காலில் நீர் கட்டுகிறது, நடையைக் குறையுங்கோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டு அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

இத்தனைக்கும் வீட்டில் ஒரு சைக்கிள் நின்றது. குசினிக்குப் பின்னால், கிடுகுச் சாய்ப்புக்குள், நீலத் தறப்பாளால் மூடி, நைலோன் கயிறு போட்டுக் கட்டி நின்றது. கியர் வைத்த வெளிநாட்டுச் சைக்கிள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மாக்கிறட் கயிற்றை அவிழ்ப்பாள். உப்புக் காற்றில் பூத்த துருவைப் பழந்துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பாள். பிறகு திரும்ப மூடிக் கட்டுவாள். அதில் அவளும் ஏறியதில்லை, மற்றவர்களை ஏறவும் விட்டதில்லை.

அது வந்த கதை இப்படி. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு தை மாதம், அனிக்கா என்றொரு வெள்ளைக்காரப் பெண் விடுதிக்கு வந்து மூன்று மாதம் தங்கினாள். வங்காலைப் பக்கத்து உப்புத் தரவை வெளிகளில் இறங்குகிற பறவைகளை எண்ணுவது அவளுடைய வேலை. விடிகிறபோதே தோளில் தூரக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டால், வெயில் ஏறி முகம் சிவந்துதான் திரும்பி வருவாள். மாக்கிறட்டுக்கு இங்கிலிஷ் தெரியாது. அனிக்காவுக்குத் தமிழ் தெரியாது. "குட் மோர்னிங் மார்கரெட்" என்பாள். அவள் வாயால் கேட்கும்போது அது தன்னுடைய பெயரல்ல, எங்கோ மாடிவீட்டில் இருக்கிற வேறொருத்தியின் பெயர் என்று மாக்கிறட்டுக்குத் தோன்றும். ஒருமுறை அனிக்காவுக்கு நாலு நாள் காய்ச்சல். மாக்கிறட் கொத்தமல்லி அவித்துக் குடிக்கக் கொடுத்தாள், நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் பேச்சில்லாத ஒரு பழக்கம் இருந்தது.

பங்குனிக் கடைசியில் அனிக்கா போனாள். வாசலில் வான் நின்றது. பெட்டிகளை ஏற்றியபின் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு மாக்கிறட்டிடம் வந்தாள். ஹான்டிலைப் பிடித்து அவள் கையில் வைத்தாள்.

"யூ கீப் இற், மார்கரெட். கீப் இற்."

பிறகு வேறும் ஏதோ சொன்னாள். வான்காரன் இடையில் ஹோன் அடித்தான். கடைசியாகக் 'கம் பேக்' என்பது மட்டும் மாக்கிறட்டுக்கு விளங்கியது. அனிக்கா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அப்போது விடுதிக்கு கொலின்ஸ் மனேஜராக இருந்தான். மாக்கிறட் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு அவனிடம் போனாள். ஜெனரேற்றர் வேலை செய்யாமல் அவன் அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, கீப் எண்டால் என்ன?"

"வைச்சிருக்கிறது."

"அந்த மிஸ் சைக்கிளைத் தந்திட்டு கீப் இற் எண்டவ."

"அப்ப உங்களை வைச்சிருக்கச் சொல்லியிருக்கிறா."

"வந்து எடுப்பாவோ?"

"திரும்பி வருவன் எண்டு சொன்னவவோ?"

"கம் பேக் எண்டு ஏதோ சொன்னவ."

"அப்ப வருவா அக்கா. கொண்டுபோய் வீட்டில கவனமா வையுங்கோ. இஞ்ச நிண்டால் ஆரும் எடுத்துப்போடுவினம்."

கொலின்ஸ் சொன்னதில் பிழையில்லை. கேட்ட சொல்லுக்குக் கேட்ட பொருளைச் சொன்னான். மாக்கிறட்டும் சரியாகத்தான் விளங்கிக்கொண்டாள். தமிழில் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஒரு சாமானைக் கொடுத்து 'வைச்சிருங்கோ' என்றால் அது தந்ததாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளச் சொன்னதாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து, முன்பின் கதையைப் பார்த்துத்தான் எதுவென்று அறியலாம். வெள்ளைக்காரியின் முகத்தை வாசிக்க மாக்கிறட்டுக்குத் தெரியவில்லை.

இந்த விடுதிக்கு வருமுன் அவள் வேறொரு இடத்தில் வேலை செய்தாள். அங்கே அவளோடு வேலைக்கு நின்ற ஜெசிந்தாவை ஒரு கைமணிக்கூட்டுக்காக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறையில் தங்கியவர் 'இதை நீ எடுத்துக்கொள்' என்று தந்தார் என்றாள் ஜெசிந்தா. தங்கியவர் அதற்குள் ஊர் போய்விட்டார், கேட்க ஆளில்லை. ஊருக்குள்ளே 'கள்ளி' என்ற பேர் மட்டும் ஜெசிந்தாவோடு ஒட்டிக்கொண்டது. துப்புரவுக்காரிக்குக் கை சுத்தம் என்ற பேரை விட்டால் வேறென்ன இருக்கிறது? மாக்கிறட் அந்தச் சைக்கிளைத் தறப்பாளால் மூடியதற்கு இதுதான் காரணம். அதைக் கணவனுக்கும் மகளுக்கும் சொல்லவில்லை; சொன்னால் பயந்தவள் என்பார்கள்.

அனிக்கா போய் இரண்டு மாதத்தில் நாடு நின்றுபோனது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. தாழ்வுபாட்டுக் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மாக்கிறட்டின் கணவன் அமிர்தநாயகம் எண்ணெய் வரிசையில் இரண்டு நாள் நின்று, எண்ணெய்க் கான் நிறையாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். பஸ் ஒருநாள் வரும், மூன்று நாள் வராது. பழைய சைக்கிள்களுக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்தது. கடைகளில் புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் திரும்பினார்கள். கோயிற் பங்கு மக்களுக்குள் சைக்கிள் உள்ளவன் பெரிய மனிதனானான்.

அப்போது டிலோஜினிக்குப் பதினெட்டு வயது. ஒரே மகள். உயர்தர வகுப்பு, வர்த்தகப் பிரிவு. பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருந்தது, ஆனால் கணக்கியல் ரியூசன் மன்னார் ரவுனில். போக ஆறு கிலோமீற்றர், வர ஆறு. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி இருட்டுகிற நேரம் முடியும். பஸ் இல்லாமல் போனபிறகு அவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் நடந்து போனார்கள். பிறகு அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் எப்படியோ சைக்கிள் வந்தது. டிலோஜினி தனியே நடந்தாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து தடித்த அகராதி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த தாய்க்கு முன்னால் குந்தினாள்.

"அம்மா, கீப் எண்டதுக்கு இஞ்ச என்ன போட்டிருக்கெண்டு பாருங்கோ. வைத்துக்கொள். வைச்சுக்கொள்ளுங்கோ எண்டுதான் அவ சொல்லியிருக்கிறா. உங்களுக்குத் தந்திட்டா."

"மற்றதையும் வாசி."

"வைத்திரு. பேணு. பாதுகா."

"பிறகென்ன? பாதுகாக்கச் சொல்லித்தானே தந்தவ."

"அப்ப வைத்துக்கொள் எண்டு போட்டிருக்கிறது?"

"உனக்குச் சைக்கிள் வேணும். அதால அந்தச் சொல்லுத்தான் உன்ர கண்ணுக்கு முதல் தெரியுது."

டிலோஜினி அகராதியை மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் பழுதாக்க மாட்டனம்மா. ரியூசனுக்கு மட்டும். கிழமைக்கு மூண்டு நாள்."

"மணலுக்க ஓடினால் தேயும். நாளைக்கு அவ வந்து நிண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது?"

"அவ எங்க வாறது? பிளேனுக்கே எண்ணெய் இல்லையாம்."

"வாற வரைக்கும் அது அவவின்ர."

திண்ணமாகச் சொல்லிவிட்டாள்.  அமிர்தநாயகம் உள்ளேயிருந்து, "ஒரு சாமானை ஓடாமல் வைச்சிருக்கிறதும் அதைப் பழுதாக்கிறதுதான்" என்றான்.  அடுத்த கிழமை அவன் கேளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணெய் வரிசைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் அவனோடு கதைக்கவில்லை. மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் அவனே தறப்பாளை எடுத்து மூடிக் கட்டினான்.

ஆவணி மாதத்தோடு டிலோஜினி ரியூசனை விட்டாள். "கால் ஏலாது" என்றாள். பின்னேரங்களில் வீட்டில் இருந்து படித்தாள். சோதனை முடிந்து பெறுபேறு வந்தபோது மூன்று பாடமும் சாதாரணச் சித்தி. பல்கலைக்கழகத்துக்குக் காணாது. இரண்டாம் தரம் எடுக்கவில்லை. ரவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிய எட்டு மணியிலிருந்து நின்றபடி சீலை விரித்துக் காட்டுகிற வேலை. இருக்கக் கதிரை இல்லை. இரவில் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் காலுக்குத் தைலம் தடவிவிடுவார்கள். 

அனிக்கா அடுத்த வருசம் வரவில்லை. அதற்கடுத்த தையிலும் வரவில்லை. கொலின்ஸ் ருமேனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய இடத்துக்கு றுஸ்தி வந்தான். எருக்கலம்பிட்டிக்காரன், முப்பத்திரண்டு வயது, கட்டாரில் ஏழு வருசம் ஹோட்டலில் நின்று இங்கிலிஷ் பழகியவன். மாக்கிறட்டை மரியாதையாக அக்கா என்று கூப்பிடுவான். தேத்தண்ணி போட்டால் அவளுக்கும் ஒன்று போடுவான்.

இருபத்து நாலாம் ஆண்டு மாசி மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து இரண்டு இரவு தங்கினார்கள். போகிற அன்று காலை அவர்கள் தலைமன்னார் துறையைப் பார்த்துவிட்டுப் பின்னேர ரயில் எடுக்கவேண்டும். மாக்கிறட் முன்மண்டபத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தன் கைப்பையிலிருந்த பேனையால் றெஜிஸ்டரில் கையெழுத்து வைத்தாள். பிறகு இரண்டு பெட்டிகளைக் காட்டி றுஸ்தியிடம் ஏதோ கேட்டாள். அதற்குள் 'கீப்' என்ற சொல் வந்தது. மாக்கிறட்டின் காது அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தது; மற்றதெல்லாம் சத்தமாகப் போனாலும் அது மட்டும் தனியாகக் கேட்கும். றுஸ்தி பெட்டிகளை மேசைக்குப் பின்னால் இழுத்து வைத்தான். பிறகு அவள் றெஜிஸ்டரின் மேல் விட்டிருந்த பேனையைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான். அந்த அம்மா கையை விரித்துச் சிரித்து, "கீப் இற்" என்றாள். றுஸ்தி பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டான்.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். றுஸ்தி பெட்டிகளை எடுத்துக் கொடுத்தான். முச்சக்கரவண்டி வெளிக்கிட்டுவிட்டது. பேனை அவனுடைய பையிலேயே இருந்தது.

மாக்கிறட் துடைப்பத்தோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, அந்த அம்மாவின்ர பேனையைக் குடுக்க மறந்திட்டியள்."

"இல்லையக்கா. அது எனக்குத் தந்தவ."

"கீப் இற் எண்டுதானே சொன்னவ."

"ஓம். கீப் இற் எண்டால் நீங்களே வைச்சுக்கொள்ளுங்க எண்டுதான்."

"பெட்டிக்கும் அதைத்தானே சொன்னவ. கீப் எண்டு. அதைத் திருப்பிக் குடுத்தனீங்கள்."

றுஸ்தி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "சொல்லு ஒண்டுதானக்கா. ஆனா பின்னால வாறதைப் பாக்கணும். பெட்டிக்கு நாலு மணி மட்டும் எண்டு சொன்னவ. எனக்காக வைச்சிருங்க, வாறவரைக்கும் வைச்சிருங்க எண்டு ஏதாவது கூட வந்தா, வைச்சிருந்து திருப்பிக் குடுக்கணும். ஒண்டும் வராம, பொருளைக் கையில தந்து கீப் இற் எண்டா முடிஞ்சுது. அது உங்கட. திருப்பிக் குடுத்தா அவங்களுக்குக் கோபம் வந்தாலும் வரும்."

"எப்பவும் அப்பிடித்தானோ?"

"கட்டார்ல நான் எத்தினை சாமான் அப்பிடி வாங்கியிருப்பன். எப்பவும் அப்பிடித்தான். ஏனக்கா?"

"சும்மா கேட்டன்" என்று அவள் ஏழாம் அறைக்குப் போனாள். அந்தத் தம்பதி படுத்திருந்த விரிப்பை உருவினாள். பிறகு, அத்தனை வருசத்தில் ஒருநாளும் செய்யாத வேலையாக, அந்தக் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கடல் தட்டையாகக் கிடந்தது. அனிக்கா வாசலில் நின்றதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கீப் இற், மார்கரெட். கீப் இற். அதற்குப் பின்னால் என்ன வந்தது? எனக்காக என்று வந்ததா? வாறவரைக்கும் என்று வந்ததா? ஹோன் சத்தம் மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

அடுத்த நாள் றுஸ்தியிடம் முழுக் கதையையும் சொன்னாள். "எனக்காக எண்டதுக்கு இங்கிலிஷில என்ன?" என்று கேட்டாள்.

"ஃபோ மீ."

ஃபோ மீ, ஃபோ மீ என்று வீடு வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அனிக்காவின் குரலில் அது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. ஆனால் அது வரவேண்டும் என்றுதான் அவள் விரும்பினாள் என்பதை, வழியிலிருந்த அந்தோனியார் சிலைக் கூட்டடியில் கால் ஆற நின்றபோது உணர்ந்தாள். வந்தால் இந்த இரண்டு வருசமும் சரி. வராவிட்டால்?

றுஸ்தி பழைய றெஜிஸ்டரைத் தேடியெடுத்து, அனிக்காவின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினான். பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் மாக்கிறட் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாய்ப்புப் பக்கம் போகாமல் சுற்றி வந்தாள்.

பத்தாம் நாள் றுஸ்தி அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினான். போனைப் பார்த்து முதலில் தனக்குள் வாசித்தான். பிறகு தமிழில் சொன்னான்.

"சைக்கிள் உங்கடதானாம் அக்கா. அண்டைக்கே தந்ததாம். நீங்க ஒவ்வொரு நாளும் நடந்து வாறதைக் கண்டுதான் தந்தவவாம். காய்ச்சலுக்குப் பாத்ததை மறக்கேல்லையாம். திரும்பி வரப் பாக்கிறன் எண்டு சொன்னது உங்களைப் பாக்கத்தானாம், ஆனா இப்ப அவவுக்கு வேறை வேலை, இந்தப் பக்கம் வாறது கஷ்டமாம்."

"ம்."

"கடைசியா ஒண்டு கேட்டிருக்கிறா. சைக்கிள் இன்னும் ஓடுதா எண்டு."

மாக்கிறட் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளோறின் தண்ணீரில் தோல் உரிந்த கைகள்.

"ஓடுது எண்டு எழுதுங்கோ."

றுஸ்தி நிமிர்ந்து பார்த்தான். சைக்கிள் எப்படி நிற்கிறதென்று அவனுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் எழுதினான்.

"நல்லா ஓடுது எண்டு போடுங்கோ. மகளும் ஓடுறவ எண்டு போடுங்கோ. சந்தோசம் எண்டு போடுங்கோ."

அவன் எல்லாவற்றையும் போட்டான். யாரிடமும் பொய் சொல்லாதவள் என்ற பேரோடு இருந்தவள் எழுந்து போய் வாளியில் தண்ணீர் நிரப்பினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். கீரிமீன் குழம்பும் புட்டும். சுற்றி வளைக்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அமிர்தநாயகம் புட்டைக் குழைப்பதை நிறுத்தினான்.

"ஆரின்ரையோ சாமானுக்கு ரெண்டு வருசம் காவல் கிடக்கிறம் எண்டு நினைச்சன்" என்றான். "எங்கட சாமானுக்குத்தான் கிடந்திருக்கிறம்."

அதில் கோபம் இருக்கவில்லை. அவனுக்குக் கோபப்படுகிற வயது போய்விட்டது போல இருந்தது. டிலோஜினி தலையைக் குனிந்து சாப்பிட்டாள்.

"எனக்கு அப்பவே" என்று தொடங்கினாள். மிச்சத்தை விழுங்கிவிட்டாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனாள். மாக்கிறட் பின்னால் போனாள். மகள் கிணற்றுக் கட்டின்மேல் இருந்தாள்.

"பேசு பிள்ளை" என்றாள் மாக்கிறட். "மனசில வைச்சிருக்காதை. என்னைப் பேச வேணுமெண்டால் பேசு."

"என்னத்தைப் பேசுறது? ரியூசனுக்குப் போயிருந்தாலும் பாஸ் பண்ணியிருப்பனோ தெரியாது. அந்த சேர் படிப்பிக்கிறது எனக்கு அரைவாசியும் விளங்கிறேல்லை."

அது உண்மையா, தாய்க்காகச் சொன்னதா என்று மாக்கிறட்டுக்குப் பிடிபடவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்துகிறவளுக்குப் பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம். இது கடல் வற்றிக் கிடக்கிற நேரத்தில் வள்ளத்தைத் தள்ளுவது போல இருந்தது. பக்கத்தில் இருந்தாள்.

"ஜெசிந்தாவை உனக்குத் தெரியும்தானே" என்றாள் கடைசியில்.

"ஓம். கள்ளி எண்டு சொல்லுறவை."

"அவ எடுக்கேல்லை. அவவுக்குத் தந்தது. கேக்க ஆள் இல்லாமல் போச்சு. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான், ஆனால் வாய் திறக்கேல்லை. திறந்தால் என்னையும் நிப்பாட்டியிருப்பினம்."

இதை அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லாமல் விட்டாள். டிலோஜினி திரும்பித் தாயைப் பார்த்தாள். 

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாள். "அகராதியைப் பாத்து நான் சண்டை பிடிச்சிருக்க மாட்டன்."

சனிக்கிழமை தறப்பாளை அவிழ்த்தார்கள். மேலே மினுக்கமாகத்தான் இருந்தது, துடைத்த இடம் எல்லாம். ஆனால் ரயர் இரண்டும் வெடித்து, நின்ற இடத்தில் தட்டையாகி, கையால் தொட உதிர்ந்தது. செயின் இறுகி ஒரே கம்பியாக நின்றது. இருவருமாகத் தள்ளியும் தூக்கியும் ரவுன் ரோட்டுச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற சியாமிடம் கொண்டுபோனார்கள். அவன் சில்லைச் சுற்றிப் பார்த்தான், பிறேக்கை அமத்திப் பார்த்தான்.

"நல்ல சாமான். ஓடியிருந்தால் இன்னும் பத்து வருசம் நிண்டிருக்கும். ஏன் இப்பிடி விட்டனீங்கள்?"

மாக்கிறட் சில்லில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"ஆரின்ர சைக்கிள்? துண்டில பேர் எழுதவேணும்."

டிலோஜினி தாயைப் பார்த்தாள். மாக்கிறட் வாயைத் திறந்தாள். 'என்ர' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"எங்கட" என்றாள். "மகளின்ர பேரைப் போடுங்கோ."

அந்த அளவு ரயர் மன்னாரில் இல்லை. வவுனியாவிலிருந்து வர ஒன்றரைக் கிழமை எடுத்தது. கியரைத் திருத்த முடியாது என்று சியாம் கழற்றிவிட்டான். பின்னால் ஒரு கரியரைப் பொருத்தினான். வெளிநாட்டுச் சைக்கிளுக்குக் கரியர் பொருந்தாமல் இரும்புத் துண்டொன்றை வளைத்து ஒட்டினான். எடுத்து வந்தபோது அது பாதி அனிக்காவின் சைக்கிளாகவும் பாதி சியாமின் சைக்கிளாகவும் இருந்தது.

மாக்கிறட் முற்றத்தில் ஏறிப் பார்த்தாள். கலியாணத்துக்கு முன் ஓட்டியது. ஒரு சுற்று வந்ததும் முழங்கால் மடங்க மறுத்தது. இறங்கி, சைக்கிளை மகளிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டிலோஜினி வெளிக்கிட்டாள். சௌத்பாரில் தாயை இறக்கிவிட்டு ரவுனுக்குப் போவது என்று ஏற்பாடு. கச்சான் முந்தியே தொடங்கிவிட்டது. ஊர் எல்லை தாண்டியதும் பக்கக் காற்று சைக்கிளை ரோட்டின் கரைக்குத் தள்ளியது. மகளின் முதுகு வியர்வையில் நனைந்து, மூச்சு வாங்குகிற சத்தம் மாக்கிறட்டுக்குக் கேட்டது. கரியர் இரும்பு தொடையில் அறுத்தது.

"இறங்கி நடக்கட்டோ?"

"இருங்கோ."

"உனக்கு ஏலாதெடி. கடையில நாள் முழுக்க நிக்கவும் வேணும்."

"நான் பாத்துக்கொள்ளுறன். ஆடாமல் இருங்கோ, அது போதும்."

உடைமுள் மரங்கள் முடிகிற இடத்தில் ரோட்டை மணல் மூடிக் கிடந்தது. சில்லு புதைந்து நின்றது. இருவரும் இறங்கினார்கள். ஹான்டிலை மகள் பிடிக்க, மாக்கிறட் கரியரைப் பிடித்துத் தள்ளினாள். மணலைக் கடக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மறுபக்கம் வந்ததும் டிலோஜினி நின்று மூச்சு விட்டாள், தாயின் சேலைத் தலைப்பை எடுத்து அவள் முகத்திலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு ஏறிக் காலை ஊன்றி, தாய் ஏறும்வரை சைக்கிளைச் சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.